பிஸ்கட் டின்னில் போட்ட கேள்வி

முதலில் என் கணவரின் நாக்கில் வெண்படலம் வந்தது. காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். பிறகு இருமல், மாலைக் காய்ச்சல். ஸ்ரீவில்லிபுத்தூர் மருத்துவமனையில் காசநோய் என்றார்கள். எலிசாவுக்கும் (எச்.ஐ.வி. தொற்றைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) எழுதிக் கொடுத்தார்கள். முடிவு வந்த அன்றே என் இரத்தத்தையும் எடுத்தார்கள். எனக்கும் தொற்று இருந்தது.

அவர் லாரி ஓட்டுநர். "முன்னமே தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஏட்டி, செத்த நேரம் சும்மா இரு."

இரண்டு ஆண்டுகள் இதே பதில்.

மாத்திரையில் காசநோய் அடங்கி உடம்பு தேறியதும், ராஜபாளையத்து ஓட்டுநர்கள் சிலரோடு சேர்ந்து எச்.ஐ.வி. தடுப்புக் கூட்டம் நடத்தத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில், லாரி செட்டில். மரக்கட்டையில் ஆணுறை மாட்டிக் காட்டுவார்.

"ஸ்டெப்னி இல்லாம வண்டி எடுப்பியாலே?"

"மாட்டேண்ணே."

"பொறவு இது இல்லாம மட்டும் எங்க போற?"

செட்டே சிரிக்கும். எந்த ஊர், எந்தப் பெண், எல்லாம் சொல்வார். டீ கொடுக்கப் போய்ப் பின்னால் நின்ற எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பெண்கள் மீது கொஞ்சம். கிரீஸ் கையோடு உட்கார்ந்திருந்த ஆண்கள் மீது அதிகம். அவர்கள் கேட்டால் பதில் கிடைத்தது. நோயாளியின் மனைவிக்கு இப்படியும் வரும், வெட்கப்பட வேண்டாம்.

கூச்சப்படுகிறவர்களுக்காக ஒரு பிஸ்கட் டின் சுற்றி வரும். பெயரில்லாமல் கேள்வி எழுதிப் போடலாம். எந்தச் சீட்டையும் தள்ளக் கூடாது என்பது அவர்களே வைத்த விதி. ஒரு ஞாயிறு நானும் எழுதிப் போட்டேன். கையெழுத்தை மாற்றவில்லை.

அவர் சீட்டை விரித்துப் பார்த்தபடி நின்றார்.

"என்னண்ணே, கெட்ட கேள்வியா?" என்றார் ஒருவர்.

வாசித்தார்: "தெரிந்த பிறகும் மனைவியிடம் சொல்லாமல் எத்தனை நாள் இருந்தீர்கள்?"

என் பக்கம் பார்க்கவில்லை. "ஏழு மாசம். வடக்க ஒரு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. சொன்னா போயிருவாளோன்னு பயம். அம்புட்டு நாளும் வீட்டுக்கு வந்தேன், போனேன்." மரக்கட்டையைத் தொட்டார். "இது இல்லாமத்தான்."

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த சீட்டை எடுத்தார்.

தொற்றிய நாளைச் சோதனை காட்டாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆனாலும் அந்த ஏழு மாதங்களை ஒவ்வொரு நாளாக எடுத்துப் பார்க்கிறேன். ஆடிப்பூரத் தேருக்குப் புதுச்சேலை கட்டிப் போன நாள். அவர் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்த நாள். எந்த நாள் என்று என் உடம்புக்கு மட்டும் அன்றே தெரியும். அதுவும் என்னிடம் சொல்லவில்லை.