கையால் சொன்ன வசனம்

எழுதிப் பழக்கமில்லாத கை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முன்னதைப் பின்னால் சொல்லிவிடுவேன், மறதி வேறு. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நேற்று பேரனின் காக்கிச் சட்டையைத் துவைத்தேன். நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறான். எத்தனை சோப்புப் போட்டாலும் டீசல் வாடை போவதில்லை. அந்த வாடை வந்தால் எனக்கு லாரி நினைவுக்கு வராது, போலீஸ்தான் வரும். சிரிக்காதீர்கள். எங்கள் பள்ளிபாளையத்தில் முன்பு ஒரு வீதி நாடகம் போட்டார்கள். அதில் இன்ஸ்பெக்டராக வந்தவர் லாரி டிரைவர் ஒருவரிடம் இரவல் வாங்கிய சட்டையைத்தான் போட்டிருந்தார்.

அவர் எங்கள் தெரு டீக்கடைக்காரர். ஈயைக்கூட விரட்டமாட்டார். ஒத்திகையில் கைதியைப் பொய்யாக ஒரு அடி அடித்துவிட்டு, "வலிச்சுதுங்களா?" என்று குனிந்து கேட்பார்.

"அண்ணா, எந்த இன்ஸ்பெக்டராவது அப்படிக் கேப்பாரா?" என்று வக்கீலம்மா தலையில் அடித்துக்கொள்வார். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிற அம்மா அவர். ஒருவரைப் பிடித்துப் போனால் வீட்டுக்குச் சொல்ல வேண்டும், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும், கை வைக்கக் கூடாது என்று ஊர் ஊராக நாடகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். வாயால் சொன்னால் போய்விடுவார்கள், நடித்துக் காட்டினால் நிற்பார்கள் என்பார்.

நான் வேடிக்கை பார்க்கப் போனவள்தான். ஆனால் அந்த வாரம் எங்களுக்கு வேடிக்கை பார்க்கிற மனசு இல்லை. பட்டறையில் என் பக்கத்துத் தறியை ஓட்டிய சரசுவின் வீட்டுக்காரர் சின்னுசாமி மூட்டை தூக்குகிறவர். குடோனில் ஒரு நூல் மூட்டை காணவில்லை என்று அவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு நாள் தாண்டியும் கோர்ட்டுக்குக் கொண்டுபோகவில்லை. சரசு சோறு கொண்டுபோனால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். உள்ளேயிருந்து அவர் கத்துவது வாசல்வரை கேட்டதாம்.

"மனு நான் எழுதித் தரேன். ஆனா சரசுவோட சேர்ந்து ஊர் சனம் வந்து ஸ்டேஷன் வாசல்ல நிக்கணும். நின்னாத்தான் உள்ள கை ஓங்காது" என்றார் வக்கீலம்மா. யார் வருவார்கள்? தறி முதலாளியிடம் பயம், போலீசிடம் பயம்.

நாடகத்தில் கைதியின் மனைவியாக வரவேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். எல்லாரும் என்னைப் பிடித்துத் தள்ளினார்கள்.

"எனக்கு வாயே வராதுங்க" என்றேன்.

"நானு நெசத்துலயே அழுதுட்டு இருக்கறேன். நீங்க எனக்காகப் போயி நில்லுங்கக்கா" என்றாள் சரசு. அதற்குமேல் என்ன பேச?

சந்தைத் திடலில் தறிக்காரர்கள் கூட்டம். ஓரத்தில் பேக்கரி வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. "எங்கூட்டுக்காரர எங்க வச்சிருக்கறீங்க?" என்று நான் கேட்க வேண்டும். வாயைத் திறந்தேன். ஒரு சொல் வரவில்லை.

தறிப்பட்டறையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது. எல்லாம் கைதான். மீசையை முறுக்கிக் காட்டினால் முதலாளி வருகிறார். விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனால் சாப்பிட்டாயா. ஒரு கையை இன்னொரு கையின்மேல் புரட்டினால் ஷிப்ட் மாறுகிற நேரம். வாய் நின்றுபோனதும் என் கை தானாகப் பேச ஆரம்பித்துவிட்டது. மீசையை முறுக்கினேன், இந்தத் தடவை அது முதலாளி இல்லை, போலீஸ்; மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். குவித்த விரலை வாய்க்குக் கொண்டுபோய், இல்லை என்று ஆட்டினேன். பிறகு நாடகத்தில் இல்லாத ஒன்றைச் செய்தேன். முன்னால் நின்ற சரசுவைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து, இரண்டு விரலால் நடந்து காட்டினேன். ஸ்டேஷனுக்கு வருகிறீர்களா?

பின்வரிசையில் ஒரு கிழவர் மெதுவாகக் கையைத் தூக்கி இரண்டு விரலால் நடந்து காட்டினார். அவர் பக்கத்தில் ஒரு பெண். அப்புறம் திடல் முழுக்கக் கைகள். யாரோ கையைப் புரட்டினார்கள், காலை ஷிப்ட் மாறும்போது என்று. ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

"என்னய்யா, ஊமை நாடகமா?" என்றார் ஒரு போலீஸ்காரர்.

"அந்தம்மாளுக்கு வசனம் மறந்துபோச்சுங்க சார்" என்றார் எங்கள் நாடக இன்ஸ்பெக்டர், டீசல் வாடையோடு பவ்யமாக.

காலையில் பஞ்சு ஒட்டிய தலையோடு அத்தனை பேரும் ஸ்டேஷன் வாசலில் நின்றோம். கோஷம் எதுவும் இல்லை, சும்மா நின்றோம். வக்கீலம்மா மனுவோடு உள்ளே போனார். மத்தியானத்துக்குள் சின்னுசாமியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஜாமீன் கிடைத்தது. அந்த மூட்டை வேறொரு குடோனில் கிடந்தது பிறகு தெரிந்தது.

அதுவரை ஸ்டேஷன் இருக்கிற பக்கமே நாங்கள் நடக்கமாட்டோம். ரோட்டைத் தாண்டி, முந்தானையை இழுத்துப் போர்த்தி, எதிர்ப்பக்கமாகப் போவோம். இப்போது என் மருமகள் போன் தொலைந்ததற்கு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து புகார் கொடுத்து, ரசீது கேட்டு வாங்கி வருகிறாள். அடி நின்றுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன், டிவியில் இன்னும் வருகிறது. எங்கள் தெருவில் அந்த எதிர்ப்பக்க நடை மட்டும் காணாமல் போய்விட்டது. போனதில் எனக்கு வருத்தமில்லை.

சட்டத்தைப் பற்றி எழுதியதில் தப்பிருந்தால் வக்கீல் யாராவது திருத்துங்கள். சின்னுசாமி அன்று சாயங்காலமே வந்தாரா, மறுநாளா என்பதில் எனக்கும் சரசுவுக்கும் இன்னும் சண்டை. யாராவது அவரையே கேட்டுவிடுங்கள். வீட்டில்தான் இருக்கிறார். மத்தியானம் மட்டும் போகாதீர்கள், தூங்குவார்.