மேலிருந்து அசைந்த கை

எங்கள் கம்பெனிக்குப் பயிற்சிக்கு வந்த பேட்ரிஸ் காங்கோக்காரன்; என் வயதுதான். அப்பா ஒரு காலத்தில் அங்கே இருந்தவர் என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பாகலூர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

நான் மூன்றாவது படித்தபோது, ஐ.நா. அமைதிப் படையோடு காங்கோ போன நம் விமானப்படையின் ஹெலிகாப்டர் பிரிவில் அப்பா இருந்தார். மருந்தையும் அடிபட்டவர்களையும் ஏற்றிப் பறக்கிற பிரிவு. அந்த வருடம் முழுக்க, எங்கள் மொட்டை மாடிக்கு மேல் எது பறந்தாலும் அப்பா என்று நினைத்துக் கை காட்டுவேன். ஒரு தடவைகூட யாரும் திருப்பிக் காட்டியதில்லை.

அவரைக்காய்க் குழம்பைப் பிசைந்துகொண்டே பேட்ரிஸ் ஆங்கிலத்தில் சொன்னான்: "சின்ன வயதில், எங்கள் ஊருக்கு மேல் அமைதிப் படையின் வெள்ளை ஹெலிகாப்டர் தாழப் பறந்தால் பிள்ளைகள் எல்லோரும் கையாட்டிக்கொண்டே ஓடுவோம். உள்ளேயிருந்து அவர்களும் கை காட்டுவார்கள்."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

"நீங்களும் காட்டுவீங்களாப்பா?" என்றேன்.

"பின்ன? கீழ நிக்கறதெல்லாம் உன் வயசுப் பசங்க. கை தானா மேல போயிரும்மா."

பேட்ரிஸுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். நான் மாடியில் நின்று காட்டிய கைக்கெல்லாம் எங்கேயோ பதில் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. வாங்கிக்கொண்டவன் இவன்.

இன்றைக்கும் அவன்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.