எங்கள் பாட்டுக் குழுவைப் பற்றி யாரோ எழுதிய புத்தகம்

தமிழ்ச் சங்க விழாவில் புத்தகம் விற்ற மேசையிலிருந்து என் கணவர் அதை வாங்கி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே நீட்டினார்.

“ஏட்டி, ஒங்க குழுவப் பத்திப் புத்தகமே வந்துட்டு பாரு!”

பல வருடங்களுக்கு முன் ஷார்ஜா ரோலாவில், ஒரு கார் உதிரிபாகக் கடையின் பின்னறையில் நாங்கள் ஐந்து பேர் விடுமுறை நாட்களில் கூடிப் பாடினோம். சினிமாப் பாட்டு இல்லை, சொந்தப் பாட்டு. ஒரு லீடர், ஒரு கிட்டார்க்காரர், ஒரு டிரம்ஸ்காரர், ஒரு கீபோர்டுக்காரர், பாட நான். நான் துபாயில் நர்ஸ் என்பதால் குழுவில் என் பெயரே ‘சிஸ்டர்’. லீவு கிடைக்காத ஒருவன் மேனேஜரிடம் கெஞ்சும் பாட்டு ஒன்று செய்தோம். அது போன் போனாகப் பரவி, வளைகுடாவில் எந்தத் தமிழ்க் கல்யாண வரவேற்பிலும் ஒலித்தது. அதன் பல்லவி மெட்டு என்னுடையது. வார்டில் டிரிப் மாற்றிக்கொண்டே முணுமுணுத்து உண்டாக்கியது.

மறுநாள் அஜ்மானிலிருந்து டூட்டிக்குப் போகும் பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தேன். முதலில் அட்டைப் படத்தைப் பார்த்தேன். அசல் படத்தில் ஐந்து பேர் இருந்தோம். அட்டையில் நான்கு ஆண்கள் மட்டும் இருந்தார்கள். கிட்டார்க்காரரின் தோளுக்கு அருகே ஒரு வளையல் போட்ட கை நீட்டிக்கொண்டிருந்தது. அது என் கை. மீதி என்னை வெட்டிவிட்டிருந்தார்கள்.

பல்லவி மெட்டு லீடருக்குக் காரோட்டும்போது தோன்றியதாம். சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு புரட்டினேன். ஏழாம் அத்தியாயத்தின் தலைப்பு ‘ஒரு பெண்ணால் உடைந்த குழு’. எனக்கும் கிட்டார்க்காரருக்கும் நெருக்கம் இருந்ததாம். அவர் ஊரில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று தெரிந்ததும் நான் கோபித்துக்கொண்டு, எங்கள் வாழ்க்கையிலேயே பெரிய நிகழ்ச்சிக்கு வராமல் போய்விட்டேனாம். நிறைந்த அரங்கத்தின் முன் நான்கு ஆண்களும் தலைகுனிந்து நின்றார்களாம்.

அந்த நாட்களில் எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு ஒத்திகைக்கும் என் கணவர்தான் கைக்குழந்தையோடு வந்து அந்தக் கடை வாசலில் உட்கார்ந்திருப்பார். புத்தகத்தில் அவரும் இல்லை, குழந்தையும் இல்லை. அதைவிடக் கொடுமை, கிட்டார்க்காரர் நெஞ்சுவலியில் இறந்து நான்கு வருடமாகிறது. மறுத்துப் பேச அவர் இல்லை.

நடந்தது இதுதான். அந்த நிகழ்ச்சிக்கு நான் இரண்டு பேரிடம் டூட்டி மாற்றிக்கொண்டு, மாலை ஐந்து மணிக்கே அரங்கத்துக்குப் போய்விட்டேன். மேடையில் என் மைக்கின் முன் வேறொரு பெண் நின்றாள். லீடர் என்னை ஓரமாக அழைத்தார்.

“சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. சென்னையிலேருந்து ஒருத்தங்கள வரவழைச்சிருக்கோம். ஸ்பான்சர் கேட்டாரு. நீங்க வேணா கோரஸ்ல நில்லுங்களேன்.”

நான் என் சேலைப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அதோடு பாடுவதை விட்டேன். இத்தனை வருடம் யாரிடமும் அதைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் அத்தியாயத்தைக் காட்டினேன். அவர் நின்றுகொண்டே படித்தார். முகம் கறுத்தது.

“இவன் நம்பர் இருக்கா அதுல? போடு போன.”

என் மகள் எட்டிப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதற்காக நான் நிம்மதி அடைந்தது அன்று ஒருநாள்தான்.

புத்தகத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். எழுதியவர் துபாயில் வேலை பார்க்கும் இளைஞர். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை.

“மேடம், முன்னுரையிலேயே போட்டிருக்கேனே. இது குழுவோட அனுமதியில்லாம எழுதினதுதான்னு.”

“அனுமதி இல்லன்னா பொய் எழுதலாமா தம்பி?”

“எல்லார்கிட்டயும் பேசித்தான் எழுதினேன் மேடம். உங்க நம்பர் மட்டும் கிடைக்கல.”

“பதினாறு வருசமா இதே நம்பர்தான் வச்சிருக்கேன். எல்லாருகிட்டயும் இருக்கு. நீங்க கேட்டியளா?”

அதற்கு அவர், டிரம்ஸ்காரர் சொன்னதைத்தான் எழுதினேன் என்றார். அடுத்த பதிப்பில் திருத்துகிறேன் என்றார். கடைசியில், “சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன் மேடம், கிட்டார்க்காரரோட உங்களுக்கு நிஜமாவே ஒண்ணும் இல்லையா?” என்றாரே பார்க்கலாம்! போனை வைத்துவிட்டேன். இல்லாவிட்டால் என் வாயிலிருந்து என்ன வந்திருக்குமோ.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் அபுதாபிக்கு வண்டியை விட்டோம். டிரம்ஸ்காரர் முசஃபாவில் ஒரு கேரேஜில் மெக்கானிக். எங்களைக் கண்டதும் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“நான் வரலன்னு சொன்னியளா?”

“சிஸ்டர், அந்தப் பையன் துருவித் துருவிக் கேட்டான். நீங்களும் நம்ம கிட்டார்க்காரரும் நல்லாப் பேசிப் பழகுவீங்கன்னு மட்டுந்தான் சொன்னேன். மிச்சமெல்லாம் அவனா எழுதினது.”

“அன்னைக்கு நான் வந்தேன். என் சேலைப் பைய வாங்கி வச்சதே நீங்கதான்.”

அவர் தரையைப் பார்த்தார். “ஆமா சிஸ்டர். நீங்க போன பொறவு லீடரு மைக்குல, நம்ம பாடகி வரலன்னு சொல்லிட்டாரு. ஜனங்க உங்களத்தான் கேட்டாங்க. இத்தன நாளும் அதையே சொல்லிக்கிட்டு வந்துட்டோம்.”

எனக்கு அது புதுச் செய்தி. அந்த அரங்கத்தில் இருந்த அத்தனை பேரும் அன்றிலிருந்தே என்னை அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். எங்கள் பாட்டுக்கு ஆடியவர்கள், என்னிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் எல்லாரும். புத்தகக்காரன் பின்னால் வந்தவன்தான்.

டிரம்ஸ்காரர் கேரேஜ் பையனிடம் டீ வாங்கி வரச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். “இப்ப எங்கிட்ட சொன்னத அப்படியே போன்ல வீடியோவாப் பேசித் தாங்க” என்றேன். அவர் தயங்கினார். என் கணவர் போனை எடுத்து டிரம்ஸ்காரரின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அவர் பேசினார். முழுவதும் பேசினார். அங்கேயே நின்று அதை லீடருக்கும் எழுத்தாளருக்கும் குழுவின் பழைய ரசிகர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பினேன். லீடர் பார்த்துவிட்டார் என்று நீலக் குறி காட்டியது. பதில் இன்றுவரை இல்லை.

எனக்கு இன்னொரு கவலை இருந்தது. கிட்டார்க்காரரின் மனைவி ஊரில் இருக்கிறாள், தமிழ் படிக்கிறவள். திரும்பும் வழியில் மனசைத் திடப்படுத்திக்கொண்டு போன் செய்தேன். புத்தகம் அவள் கைக்கு முன்பே போயிருந்தது.

“படிச்சேன்க்கா. மொத நாள் சாப்பிடவே முடியல. அப்பறம் யோசிச்சேன். உங்க புள்ள பொறந்தநாளுக்கு உங்க வீட்டுக்காரரோட எல்லாருமா நின்னு எடுத்த போட்டோவ அவரு எங்கிட்ட எத்தன வாட்டி காட்டியிருக்காரு! அந்த அத்தியாயத்த மட்டும் கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன். மிச்சத்துல அவரு படம் நிறைய இருக்கு, அதனால வச்சிருக்கேன்.”

டிரம்ஸ்காரர் உண்மையைச் சொன்ன வீடியோவை அனுப்புகிறேன் என்றேன். அனுப்பியும்விட்டேன்.