பரீட்சைக்கு வைத்த பல்

பல் டாக்டர் ஆன பிறகும் மேலே படிக்க வேண்டியது இருக்கிறது என்பது என் நாக்கில் புண் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பல்லை விட்டுவிட்டு நாக்கு, கன்னம், ஈறு என்று வாயின் மற்ற இடங்களில் வரும் நோய்களைப் படிக்கிற படிப்பாம். அதற்காக நாலு டாக்டர்கள் திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். பல்லை விட்டுவிட்டார்கள் என்பது உண்மைதான். என் புண்ணுக்கு எதிரே உடைந்த கடைவாய்ப் பல் ஒன்று கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருந்ததை யாருமே கண்டுகொள்ளவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஸ்ரீரங்கத்தில் வீடு. உறையூர்ப் பட்டறையில் செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டுவது வேலை. நாள் முழுக்கச் சக்கரத்தோடு இருப்பவனுக்கு மனிதர்களோடு பேச வராது. எனக்கு அது பிறவியிலேயே வராது.

பெரிய டாக்டர் என் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, நாலு பேருக்கும் காட்டினார். அளவு குச்சியை வைத்து அளந்தார்கள். நோட்டில் எழுதிக்கொண்டார்கள். புண்ணின் ஓரத்தில் கடுகளவு சதையைக் கிள்ளிச் சென்னைக்கு அனுப்பினார்கள். அப்போதுதான் ஒருவர் இன்னொருவரிடம், "புற்றா இருந்தா நாக்குல பாதி போயிடும்" என்றார். என் நாக்கு அவர் கையில் இருக்கும்போதே சொன்னார்.

இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் வாரம் போய், தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, "ரிசல்ட் வந்திருச்சுங்களா?" என்றேன்.

"வந்திருச்சு" என்றார் பெரிய டாக்டர்.

"புற்றுங்களா?"

"அதை இப்ப சொல்ல மாட்டேம்பா. அடுத்த மாசம் இவங்களுக்குப் பரீட்சை. நீதான் கேஸ். உனக்குத் தெரிஞ்சா உங்கிட்டேருந்து கறந்துடுவானுங்க."

"அந்தப் பல்லாவது..."

"பல்லைத் தொடவே கூடாது. பரீட்சை முடியற வரைக்கும் எல்லாம் அப்படியே இருக்கணும்."

சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். உயிரோடு இருப்பேனா என்று எனக்குத் தெரியக் கூடாது, ஆனால் பரீட்சை அன்றைக்குக் காலை எட்டு மணிக்குப் பல்லோடும் புண்ணோடும் நான் ஆஜராக வேண்டும். இதில் எனக்குத் தவறாக எதுவும் படவில்லை. அவர் கண்ணாடி போட்டிருந்தார், கழுத்தில் டை கட்டியிருந்தார்.

ஆனால் வலி டையைப் பார்த்துப் பயப்படாதே. நாலு நாள் கழித்துக் காந்தி மார்க்கெட் பக்கம் கடை வைத்திருந்த சீனாக்காரப் பல் வைத்தியரிடம் போனேன். எந்தப் பல் குத்துகிறது என்று முதல் கேள்வியே அதைத்தான் கேட்டார். காட்டினேன். பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டார். ஒரு மாதத்தில் புண் இருந்த இடத்தில் வெளிறின தழும்பு மட்டும்தான் மிச்சம். ஆனாலும் பயம் போகவில்லை. உள்ளே புற்று இருந்து, மேலே மட்டும் மூடியிருந்தால்? அதைச் சொல்லக்கூடிய காகிதம் பெரிய டாக்டரின் மேஜைக்குள் இருந்தது. அதற்காகவே பரீட்சைக்குப் போனேன்.

திரைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். முதல் ஆள் வந்து வாயைப் பார்ப்பதற்கு முன்னாலேயே காதோரம் குனிந்தார். "அண்ணே, புற்றா சாதாவா? சொல்லிடுங்கண்ணே, உங்க புள்ள மாதிரி நெனச்சுக்குங்க."

"எனக்கே தெரியாதுங்க."

"விளையாடாதீங்கண்ணே!"

அலுத்துக்கொண்டு ஒரு நொடி டார்ச் அடித்தார். பிறகு பழைய நோட்டில் மனப்பாடம் செய்திருந்த நீள அகலத்தை அப்படியே எழுதினார். அடுத்த இருவரும் அதே மாதிரி. ஒருவர் புற்று என்றார், இருவர் சாதா என்றார்கள். புண் இருக்கிறது என்பதில் மட்டும் மூவருக்கும் ஒரே கருத்து. திரைக்கு வெளியே நாற்காலியில் இருந்த பெரிய டாக்டர் கையில் இருந்த என் கேஸ் அட்டையைப் பார்த்துத் தலையாட்டினார். என்னைப் பார்க்கவில்லை.

கடைசியாக வந்தவர் துறையூர்ப் பக்கத்துக்காரர், பேச்சு குறைவு. கையைக் கழுவினார், நாக்கை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், விரலால் அழுத்தினார். "எப்பங்க பல்லைப் பிடுங்குனீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன்.

அவர் போய், "சார், புண் இல்லை. ஆறின தழும்புதான் இருக்கு" என்றார்.

"என்னய்யா, ஒன்றரை அங்குலத்துக்குக் கிடக்கு, இல்லைங்கற? போய் ஒழுங்காப் பாரு."

"பார்த்துட்டேன் சார். பல்லும் இல்லை."

"அட்டையில இருக்கேய்யா! நீ இன்னொரு தரம் படிச்சுட்டு வா" என்று அவர் பெயர் மேல் பேனாவால் கோடு போட்டார்.

மற்றவர்கள் போன பிறகு பெரிய டாக்டர் என் தோளைத் தட்டினார். "நல்ல கேஸ்யா நீ. பயப்படாத, புற்று இல்லை, பல்லு உரசின புண்ணுதான். இனிமே பல்லைப் பிடுங்கிக்கலாம்" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். இல்லாத பல்லுக்கான சீட்டை இரண்டு கையாலும் வாங்கி, கும்பிட்டேன்.

வராந்தாவில் துறையூர்க்காரர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், தன் கதையை விட்டுவிட்டு, "என்ன சொன்னாருங்க? புற்று இல்லதானே?" என்றார். என்னிடம் அன்று என்னைப் பற்றி விசாரித்தவர் அவர் ஒருவர்தான். சீட்டைக் காட்டினேன். வாங்கிப் படித்தவர் பல்லைப் பிடுங்கச் சொன்ன வரியில் விரலை வைத்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம் உள்ள வாங்களேன். சார்கிட்ட வாயைத் திறந்து காட்டினாப் போதும். நீங்க ஒண்ணும் பேசவே வேண்டாம்."

என் உயிர் தப்பித்த செய்தி கையில் இருந்தது. பெரிய டாக்டர் சொல்லை மீறிப் பல்லைப் பிடுங்கினவன் நான் என்பதும் ஞாபகத்துக்கு வந்தது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றேன்.

ஸ்ரீரங்கத்துக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் உண்டு. அது துறையூர்க்காரருக்கும் தெரியும்.