எழுபத்தைந்துக்குக் கீழே

பாலகுமார் தென்கோடித் தீவின் கேம்பல் பேயை விட்டுக் கப்பலேறியது ஜூன் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் பிடித்த மழை விட்டபாடில்லை. மேகம் விலகாததால் மூன்று நாளாக ஹெலிகாப்டரும் வரவில்லை. கப்பலைத் தவிர வேறு வழியில்லை. போர்ட் பிளேர் போய்ச் சேர இரண்டு நாள். அங்கே வாரத்துக்கு மூன்று முறை அவன் ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டிருந்தன. வயது முப்பத்தெட்டு.

கப்பல்துறையில் அவனுடைய அக்கா ஒச்சம்மா குடையைத் தம்பி பக்கம் சாய்த்துவிட்டு நனைந்துகொண்டு நின்றாள். வழிக்கென்று ஒரு முறுக்குப் பொட்டலம் கட்டி வந்திருந்தாள். பாலகுமாரின் மனைவி காவேரி அதைத் தொடவில்லை.

"மதினி, இதுல உப்பு இருக்கு. இவருக்கு உப்பே ஆகாதுன்னு சொல்லிட்டாங்க."

"ஆமா, மறந்தே போச்சு" என்றாள் ஒச்சம்மா.

"நீயே தின்னுக்கா" என்றான் தம்பி. "எனக்குப் பதிலா நீ தின்னா போதும். நம்ம வீட்டுல அப்படித்தான நடக்குது?"

சிரித்தார்கள். கப்பல் சங்கு ஊதியது. அது வளைகுடாவைத் தாண்டும் வரை நின்று பார்த்துவிட்டு ஒச்சம்மா நடந்தாள். வீட்டு வாசலில் சாவியை எடுக்கப் போனபோதுதான் கையில் எண்ணெய்த் தாள் மட்டும் இருந்தது தெரிந்தது. பன்னிரண்டு முறுக்கு. ஒன்றின் ருசிகூட நினைவில் இல்லை.

ஒச்சம்மாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற அவளுடைய அப்பா, அரசாங்கம் கொடுத்த நிலத்துக்காக உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இந்தத் தீவுக்கு வந்தவர். அவள் பிறந்ததும் படித்ததும் இங்கேதான். பத்தொன்பது வருடமாக அங்கன்வாடியில் டீச்சர். கணவர் நாகலிங்கம் மின்சார நிலையத்தில் ஜெனரேட்டர் பார்க்கிறவர். வாயைத் திறந்தால் அரை வாக்கியம் பேசுவார்.

அவள் சந்தோஷத்துக்குச் சாப்பிடுகிறவள் அல்ல. கல்யாண விருந்தில் அவள் இலைதான் முதலில் மூடும். பயம் வந்தால்தான் கை டப்பாவைத் தேடும். அடுப்படியில் நின்றபடி, மூடியைக்கூட முழுதாகத் திறக்காமல், மென்றுகொண்டே அடுத்ததை எடுப்பாள். கேட்கிறவர்களிடம் சுனாமி சமயத்தில் மலை மேல் பட்டினி கிடந்ததிலிருந்து இப்படி என்று சொல்வாள். உண்மையில் பழக்கம் அதற்கும் முந்தையது. சுனாமியைச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

ஆகஸ்டில் விஷயம் அவள் உடம்பின் மேலேயே வந்து உட்கார்ந்தது. தம்பிக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்தால்தான் ஆயுள். காவேரியின் ரத்த வகை பொருந்தவில்லை. ஒச்சம்மாவுடையது பொருந்தியது. சென்னை மருத்துவர் வீடியோவில் அவள் அறிக்கைகளைப் பார்த்தார்.

"தொண்ணூற்றொரு கிலோ. சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது. எழுபத்தைந்துக்குக் கீழே வாருங்கள், எடுக்கலாம். பட்டினி கிடந்து வராதீர்கள். குறைத்த எடை மூன்று மாதம் நிலைக்க வேண்டும். ஒரு சிறுநீரகத்தோடு நீங்களும் ரொம்ப காலம் இருக்கணும் அம்மா."

பதினாறு கிலோ. அன்றிலிருந்து தம்பியின் உயிர் தன் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பே பயத்தைக் கிளப்பியது. பயம் டப்பாவிடம் கொண்டுபோய் விட்டது.

முதலில் யூடியூபில் ஒரு பெண் சொன்னபடி செய்தாள். காலையில் ஓட்ஸ், மதியம் வெள்ளரிக்காய், இரவு ஒரு ஆப்பிள். எல்லாமே மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டியவை. நாகலிங்கம் கடைக்காரரிடம் சொல்லிவைத்து வாங்கி வந்தார். ஐந்து வாரத்தில் ஆறு கிலோ போனது. தலை சுற்றியது, முடி கொட்டியது. ஆனாலும் பெருமையாக இருந்தது.

செப்டம்பரில் கடல் கொந்தளித்தது. அங்கன்வாடியில் உதவிக்கு இருந்த குல்வந்த் கௌர் போனைப் பார்த்துவிட்டு வந்தாள். பஞ்சாபி வீட்டுப் பெண். தமிழும் தீவு இந்தியும் கலந்துதான் பேசுவாள். அக்கா என்பதற்குத் தீதி என்பாள்.

"தீதி, ஜஹாஜ் கேன்சல். இந்த வாரமும் கப்பல் நஹி."

பத்தொன்பது நாள் கப்பல் வரவில்லை. ஓட்ஸ் தீர்ந்தது. வெள்ளரிக்காய் என்பது பேச்சில் மட்டும் இருந்தது. பதினோராவது நாள் மதியம் காவேரி அழைத்தாள். பாலகுமாருக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல், தீவிர சிகிச்சையில் இருக்கிறான். அவ்வளவு கேட்டதும் சிக்னல் போய்விட்டது.

ஒச்சம்மா அடுப்படிக்குள் போனாள். ரஸ்க் ஒரு பாக்கெட். பழைய சோறும் ஊறுகாயும். பால்பவுடர் டின்னில் ஸ்பூனைப் போட்டு அப்படியே. அண்ணத்தில் ஒட்டிக்கொண்ட மாவை நாக்கால் வழித்துக்கொண்டே மறுபடி போனை அடித்தாள். சிக்னல் இல்லை. மறுபடி ஸ்பூன். மூன்று நாள் இப்படி. தம்பி வார்டுக்குத் திரும்பிவிட்ட செய்தி வந்த பிறகும் கை நிற்கவில்லை.

செப்டம்பர் கடைசியில், குழந்தைகளின் அம்மாக்களை நிறுக்கும் இயந்திரத்தில் அவள் ஏறி நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ணத் தொற தீதி, மெஷின் கடிக்காது" என்று குனிந்து படித்த குல்வந்த், பிறகு மெதுவாகச் சொன்னாள். "நைன்ட்டி த்ரீ."

அன்று சாயங்காலம் பாலகுமார் பேசினான். குரல் இளைத்திருந்தது.

"எவ்வளவுக்கா?"

"எண்பத்தி நாலு" என்றாள்.

"அடி சக்கை! பட்டாளத்தார் மகன்னா நீதான்க்கா!"

எப்படி அது வாயில் வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. மூச்சுத் திணறிப் பிழைத்தவனுக்கு ஒரு நல்ல வார்த்தை கொடுத்தால் என்ன என்று தோன்றியது. ஆனால் அவன் அதைச் சென்னைக்குச் சொல்லிவிட்டான். நவம்பரில் இருவரும் பரிசோதனைக்கு வரலாம் என்று தேதி கொடுத்துவிட்டார்கள். காவேரி எல்லாக் கோயிலுக்கும் நேர்ந்துகொண்டாள். ஒச்சம்மா அந்தப் பொய்க்காகவும் சேர்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அக்டோபர் முதல் வாரம் குழந்தைகளை நிறுக்கும் நாள். ஷோபா என்ற இளம் தாய் தன் மகனைக் கொண்டுவந்தாள். வளர்ச்சி அட்டையில் கோடு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கும்போல இருந்தது.

"டீச்சர், ஒரு இருநூறு கிராம் கூட்டி எழுதிருங்களேன். மாமியார் அட்டையப் பாத்துட்டு என்னையத்தான் ஏசும்."

"கூட்டி எழுதுனா பிள்ளைக்கு ஒட்டுமா? ஒரு மாசம் இறங்குனா இறங்கட்டும் ஷோபா. உள்ளத எழுதுனாத்தான் என்ன செய்யணும்னு தெரியும்."

பத்தொன்பது வருடமாக நூறு தாய்மார்களிடம் சொன்ன பேச்சு. வாய் தானாகச் சொல்லியது. சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலும் விழுந்தது. எழுத வேண்டியதை எழுதிவிட்டு, பிள்ளைகளைக் குல்வந்திடம் விட்டுவிட்டு வெளியே போய்ப் போன் செய்தாள். தம்பி சிகிச்சைக் கட்டிலில் இருந்தான். பின்னால் இயந்திரம் கீச்சிட்டது.

"தம்பி, எண்பத்தி நாலு இல்லடா."

"பின்ன?"

"தொண்ணூத்தி மூணு."

"...கூடியிருக்கா?"

"கூடியிருக்கு."

"ஏன்க்கா, நான் உன்கிட்ட பணமா கேட்டேன், நாளைக்கி நாளைக்கின்னு இழுக்கிறதுக்கு? சென்னையில சொல்லிட்டேன். காவேரிகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

வைத்துவிட்டான். இரண்டு நாள் அவள் அழைப்பை எடுக்கவில்லை. அந்த இரண்டு நாளும் வீட்டில் இருந்த எதுவும் மிஞ்சவில்லை. மூன்றாம் நாள் அவனே கூப்பிட்டான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், காவேரிகிட்ட சொல்லிராத. எனக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணிதான் அளவு. நான் ரெண்டு குடிச்சேன். ஐஸ் கட்டிய வாயில போட்டுக்கிட்டு இது தண்ணியில்லன்னு நெனச்சுக்குவேன். அதான் நெஞ்சுல நீர் கோத்துச்சு. மிஷின்ல போடுறதுக்கு முந்தி நிறுத்துப் பாப்பாங்க. நர்ஸு தராசப் பாத்துட்டு என் மூஞ்சியப் பாத்தா பாரு!"

ஒச்சம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஏன்டா குடிச்ச?"

"தாகமில்லக்கா. பயம். படுத்தா செத்துருவேனோன்னு பயம்."

அதுவரை இருவரும் பயம் என்ற வார்த்தையை ஒருவரிடம் ஒருவர் சொன்னதில்லை. பிறகு பாலகுமார் சொன்னான். "இனிமே நீ எனக்குக் கிலோ சொல்லாத. பயந்து டப்பாவத் தொறக்குறப்ப சொல்லு. நானும் டம்ளரத் தூக்குறப்ப சொல்றேன்."

நவம்பர் தேதியை ரத்து செய்தார்கள். காவேரி ஒரு மாதம் ஒச்சம்மாவிடம் பேசவில்லை.

குரல் செய்திகள் ஆரம்பித்தன. "தம்பி, ரஸ்க் டப்பா முன்னாடி நிக்கிறேன். பசியில்ல. நீ நேத்து மூச்சு வாங்குனது காதுக்குள்ளயே இருக்கு." அதற்குப் பதில் வரும். "நிக்காத. உக்காரு. ரெண்டு எடுத்துத் தட்டுல வச்சு டீயோட தின்னு. மிச்சத்த மாமா கையில குடு." உட்கார்ந்து, தட்டில் வைத்து, என்ன பயம் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு தின்பது. சட்டம் என்று இருந்தது அது ஒன்றுதான். சில நாள் ரஸ்க் இரண்டில் நின்றது. சில நாள் நிற்காது. நிற்காததையும் சொல்லிவிடுவாள்.

சிக்னல் இல்லாத நாளில் சொல்ல ஆளில்லை. ஒரு நாள் வேறு வழியில்லாமல் நாகலிங்கத்திடமே சொன்னாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க. பசியில்ல."

அவர் கையில் சமோசாப் பொட்டலம் இருந்தது. இருபது வருடமாக, அவள் முகம் வாடினால் அவர் செய்கிற ஒரே காரியம் அது. பொட்டலத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எனக்கும்தான் பயம். என்ன செய்யன்னு தெரியாமத்தான் இத வாங்குறது" என்றார். அவர் முழு வாக்கியமாகப் பேசி அன்றுதான் கேட்டாள். ஆளுக்கு ஒரு சமோசாவை உட்கார்ந்து தின்றார்கள்.

கப்பலை எதிர்பார்க்கும் சாப்பாட்டையும் விட்டாள். காலையில் கரைக்கு வரும் மீன், வாய்க்கால் ஓரம் தானாக வளரும் கல்மிக் கீரை, கொல்லையில் காய்க்கும் பப்பாளி, பூசணி, முட்டை. சோறு உண்டு, ஒரு கிண்ணம். கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் தட்டு மாறாது. அங்கன்வாடிக்கு வண்டியில் போவதை நிறுத்தி நடந்தாள். பிள்ளைகளுக்குப் போட்டு மிஞ்சிய கிச்சடிப் பாத்திரத்தைக் குல்வந்த் அவளுக்கு முன்னால் கழுவிவிடுவாள். "தீதி, இது என் ட்யூட்டி. தொட்டா கம்ப்ளைன்ட் எழுதுவேன்."

ஒரு வளர்ச்சி அட்டையில் தன் பெயரை எழுதிக்கொண்டாள். மாதம் ஒரு முறைதான் நிறுத்தாள். ஜனவரியில் எண்பத்தெட்டு. ஏப்ரலில் எண்பத்து மூன்று. பிறகு இரண்டு மாதம் முள் நகரவில்லை. அதற்குள் பாலகுமாருக்கு, ரத்தம் எடுக்கக் கழுத்தில் வைத்திருந்த குழாயில் கிருமித் தொற்று வந்து காய்ச்சல். தான் மெதுவாக இறங்குவதற்குள் அவன் போய்விடுவானோ என்று அவளுக்கு உதறியது. மறுபடி பட்டினி கிடக்கலாமா என்று ஒரு வாரம் தவித்தாள். "ஓடி வந்து விழுந்துறாத. நான் இருப்பேன்" என்று காய்ச்சலோடு அவன் செய்தி அனுப்பினான். இருப்பான் என்பதற்கு யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. கீரையை ஆய்ந்துகொண்டே அந்தச் செய்தியை நாலு தடவை கேட்டாள்.

செப்டம்பரில் எழுபத்து நாலரை. டிசம்பரிலும் அதே எழுபத்து நாலரை, சர்க்கரையும் எல்லைக்குள். சென்னையில் மருத்துவர் சரி என்றார். ஜனவரி கடைசியில் அறுவை சிகிச்சை நடந்தது.

ஆனால் பயம் அங்கே முடியவில்லை. அவளுடைய சிறுநீரகம் தம்பியின் உடம்பில் உடனே வேலையைத் தொடங்கவில்லை. ஒரு வருடமாக அவனுக்குச் சிறுநீர் சொட்டுக்கூடப் பிரியவில்லை. இப்போதும் சிறுநீர்க் குழாய் வழியாகப் பைக்குள் கொஞ்சம்தான் இறங்கியது. "சில பேருக்குத் தாமதமாகும், பொறுங்கள்" என்றார்கள். இரண்டு முறை மறுபடி இயந்திரத்தில் போட்டார்கள். ஐந்தாம் நாள் ஒச்சம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு என்றால் மருத்துவமனைக்கு எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜ் அறை. கீழே டீக்கடை. எண்ணெய் வாசனை ஜன்னல் வழியாக ஏறிக்கொண்டே இருந்தது.

"நான் ஊதிக் கிடந்த காலத்துல அது கெட்டுப்போயிருக்குமோ?" என்று கணவரிடம் கேட்டாள். இனி அவளை நிறுக்க யாருமில்லை. எழுபத்தைந்தைத் தாண்டினாலும் ரத்து செய்யத் தேதி எதுவுமில்லை. அந்த எண்ணம் அவளைத் தையல் வலியைவிட அதிகமாகப் படுத்தியது.

பத்தாம் நாள் காலை நாகலிங்கம் நாலு போண்டா வாங்கி வந்தார். ஒச்சம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தட்டில் வைத்துக்கொண்டாள்.

"பசியா, பயமா?" என்றார்.

"ரெண்டும்."

இரண்டைத் தின்றாள். மூன்றாவதைக் கையில் எடுத்திருந்தபோது தலையணைக்கடியில் போன் அதிர்ந்தது. போண்டாவைத் தட்டில் போட்டுவிட்டு, எண்ணெய்க் கையோடு திறந்தாள். தம்பியிடமிருந்து எழுத்துச் செய்தி.

"அக்கா, நேத்து சாயங்காலம் குழாய எடுத்துட்டாங்க. ராத்திரி ஒம்பது தடவ எந்திரிச்சு நானே நடந்து ஒண்ணுக்குப் போனேன். உன் கிட்னி என்னையத் தூங்கவே விடலக்கா."