எல்லாருக்கும் ஏ

டெல்மர் ஹக்கபி ஓக்லஹோமாவின் ஒரு கோதுமை ஊரில் இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். பிள்ளைகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டால் அவர் வேலை முடிந்தது. வாசலைத் தாண்டி அவரை உள்ளே இழுத்தவர் தலைமையாசிரியர்.

அல்ஜீப்ரா ஆசிரியை சம்பளம் கட்டுப்படியாகாமல் டெக்ஸஸுக்குப் போய்விட்டார். விளம்பரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

"ரெண்டே வாரம் பாத்துக்குங்க டெல்மர். அதுக்குள்ள ஆள் வந்துடும்."

"எனக்குக் கூட்டல் கழித்தலே தகராறுங்க!"

"பாடத்தைக் கம்ப்யூட்டர் பாத்துக்கும். பசங்க சத்தம் போடாம இருந்தா போதும். பஸ்ல அடக்குறீங்கல்ல?"

இரண்டு வாரம் இரண்டு வருடமாயிற்று. கால்பந்துக்கு மூன்று பயிற்சியாளர்களை வைத்திருந்த பள்ளி அது. கணக்குக்கு ஓர் ஆள் கிடைக்காதது அங்கே யாருக்கும் உறுத்தவில்லை.

யாராவது சந்தேகம் கேட்டால் டெல்மருக்கு வியர்த்துக் கொட்டும். "வீடியோவை இன்னொரு தடவை பாரும்மா" என்று நழுவுவார். தனக்கே தெரியாத பாடத்தில் எந்த முகத்தோடு ஒரு பிள்ளையைப் பெயிலாக்குவது? கணினியில் கடைசிப் பக்கம்வரை போன எல்லாருக்கும் ஏ கிரேடு போட்டார். பெற்றோருக்குப் பரம சந்தோஷம்.

ரேலினும் ஏ வாங்கியவள்தான். பால்பற்கள் விழுந்த வயதிலிருந்து அவர் பேருந்தில் வந்தவள். நர்ஸாக வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை கிடையாது. பள்ளியை முடித்துப் போனவள், செப்டம்பரில் ஒரு காலை அவர் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். மலிவுச் சாமான் விற்கும் டாலர் கடையின் வேலைச் சீருடையில் இருந்தாள்.

"காலேஜ்ல சேர கணக்குப் பரீட்சை வச்சாங்க சார். நூத்துக்குப் பதினொண்ணு. நர்சிங் சீட்டு கிடையாதுன்னுட்டாங்க."

டெல்மர் வகுப்புக் கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கம் வந்தார்.

"நீங்க ஏ போட்டு அனுப்புனீங்க. நான்தான் எல்லாத்தையும் மறந்து தொலைச்சிட்டேன். உங்க பேரைக் கெடுத்துட்டேன், மன்னிச்சிடுங்க சார்."

இதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. "நீ மறக்கலம்மா. உனக்கு யாரும் சொல்லியே கொடுக்கல. எனக்கு அல்ஜீப்ரா தெரியாது. சத்தியமா தெரியாது."

ரேலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "என்னைத் தேத்தறதுக்காக இப்படியெல்லாம் பொய் சொல்லாதீங்க சார். மக்கு நான்தான்."

வேலைக்கு நேரமாகிறது என்று அவரைக் கட்டியணைத்துவிட்டுப் போனாள். டெல்மர் வாசலிலேயே நின்றார். உள்ளே இந்த வருடத்துப் பிள்ளைகள் இருபத்தேழு பேர் அவருக்காகக் காத்திருந்தார்கள்.