தாமதச் சீட்டு

இதைக் கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் இப்போதே மூடி வைத்துவிடலாம். எனக்குக் கதை விடத் தெரியாது. பதினாறு வருடமாகப் பள்ளி அலுவலகத்தில் வருகைப் பதிவு பார்க்கிறவள் நான். வந்தால் வந்தாள், வரவில்லை என்றால் வரவில்லை. நடுவில் எதையும் எழுதிப் பழக்கமில்லை. பேயாவது பிசாசாவது என்று அடுத்தவர்களைக் கிண்டல் செய்தே காலத்தை ஓட்டியவள். நடந்ததும் பட்டப்பகலில்தான்.

முதலில் எங்கள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 9:10க்கு மணி அடிக்கும். அதற்குள் வகுப்பில் இருந்தால் வருகை. அதன்பிறகு 9:30 வரை வந்தால் தாமதம். என் ஜன்னலில் சீட்டு வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போகலாம், அதுவும் வருகைதான். 9:30க்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் அன்று ஆப்சென்ட். 9:40க்கு, "உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை" என்று வீட்டுக்கு மெசேஜ் தானாகப் போய்விடும். பிள்ளைகள் எனக்குக் கல்நெஞ்சக்காரி என்று பெயர் வைத்திருப்பது தெரியும். வைக்கட்டுமே, எனக்கென்ன.

பத்தாம் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். நான் அவளுக்கு வைத்த பெயர் புயல். தினமும் கடைசி நிமிடத்தில் மூச்சிரைக்க ஓடி வந்து, "அக்கா அக்கா அக்கா" என்று ஜன்னலைத் தட்டுவாள். திட்டினால் சிரிப்பாள். அப்பா இல்லை. அம்மாவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சலவைக் கூடத்தில் வேலை, காலை ஏழு மணிக்கே போய்விடுவார். இவள் தானாக எழுந்து, வீட்டைப் பூட்டிவிட்டு வர வேண்டும். அந்த வருடம் அவளுக்கு ஆப்சென்ட் ஏறிக்கொண்டே போனது. இன்னும் ஒன்று விழுந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். புதன்கிழமை நானே அதைச் சொல்லி அவளை அழ வைத்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. விடியற்காலையிலிருந்தே மழை.

9:33.

ஜன்னலைத் தட்டும் சத்தம் கேட்கவில்லை. என்னவோ தோன்றி நிமிர்ந்தேன். புயல் நின்றுகொண்டிருந்தாள்.

மூச்சிரைக்கவில்லை. தோளில் பை இல்லை. அத்தனை மழையிலும் தலைமுடி காய்ந்திருந்தது. இதையெல்லாம் இப்போது வரிசையாகச் சொல்கிறேன். அப்போது என் கண் கடிகாரத்தில்தான் இருந்தது.

"மூணு நிமிஷம் தாண்டிடுச்சு. ஆப்சென்ட்தான், போ."

"பிரசென்ட் போடுங்க, மேடம்."

மேடமா? இத்தனை வருடமும் அக்காதானே? நேற்றுத் திட்டிய கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

"அம்மாவுக்கு மெசேஜ் மட்டும் போக வேண்டாம்."

எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதான். ஆனால் இவள் கெஞ்சவில்லை, சும்மா சொன்னாள். எனக்கோ முந்தின நாள் அழுத முகம் ஞாபகம் வந்துவிட்டது. பாவம், ஒரு வருடம் வீணாகிவிடுமே என்று மனசு இளகியது. பதினாறு வருடத்தில் முதல் தடவையாக... சீட்டில் 9:29 என்று பொய்யாக எழுதினேன். கணினியில் 'தாமதம், வருகை' என்று பதிந்தேன்.

சீட்டை நீட்டியபோது அவள் விரல் என் விரலில் பட்டது. சில்லென்றிருந்தது. மழைநாள்தானே என்று விட்டுவிட்டேன்.

"ஓடு புயலு, ஓடு!"

அவள் ஓடவில்லை. மெதுவாக நடந்தாள். காலடிச் சத்தமே இல்லை.

10:45. ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் தலை எண்ணி அனுப்புவார்கள். பத்தாம் வகுப்பில் என் பதிவு 34. வந்த எண்ணிக்கை 33.

படியேறிப் போய்ப் பார்த்தேன். புயலின் இடம் காலி.

"அவ இன்னைக்கு வரவே இல்லையே," என்றார் வகுப்பு டீச்சர்.

"வந்தாளே! நானே சீட்டு குடுத்தேன்."

"எனக்கு எந்தச் சீட்டும் வரலை."

கழிப்பறை, நூலகம், மாடிப்படி அடி... ஓர் இடம் விடவில்லை. வாசலுக்கு ஓடிக் காவலாளி அண்ணனைக் கேட்டேன்.

"ஒன்பதரைக்குக் கேட்டைப் பூட்டிட்டேன். அப்புறம் ஒரு ஈ காக்கா உள்ள வரலைம்மா."



11:10. ஆப்சென்ட் என்று மாற்றினால் அம்மாவுக்கு மெசேஜ் போகும். மாற்றப் பார்த்தேன். 9:40க்குப் பிறகு மாற்றத் தலைமையாசிரியரின் கடவுச்சொல் வேண்டும். அவர் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். செல்போனை அணைத்து வைத்திருந்தார்.

அம்மாவுக்கே போன் போட்டேன். மூன்றாவது ரிங்கில் எடுத்தார்கள்.

"உங்க பொண்ணு வீட்டுல இருக்காளாம்மா?"

சலவை மிஷின் சத்தம் எதுவும் கேட்கவில்லை. சொட்டு... சொட்டு... என்று தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"ஸ்கூல்லதான் இருக்கா. நீங்கதானே பிரசென்ட் போட்டீங்க."

"ஆமா... ஆனா..."

"அப்ப தேடாதீங்க."

வைத்துவிட்டார்கள். நான் பிரசென்ட் போட்டது அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

உதவித் தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். "அம்மாவே ஸ்கூல்ல இருக்கான்னு சொல்லிட்டாங்கல்ல? எங்கயாவது ஒளிஞ்சு உட்கார்ந்திருப்பா. போய் வேலையைப் பாருங்கம்மா," என்றார். அதற்கு மேலும் நான் கத்தியிருக்கலாம். கத்தினால் அந்த 9:29 வெளியே வந்துவிடும். வாயை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

12:52.

ஜன்னல் தட்டும் சத்தம்.

டக்... டக்... டக்...

மூச்சிரைக்கும் சத்தம்.

"அக்கா... அக்கா... அக்கா..."

அப்பாடா! பாய்ந்து எழுந்து ஜன்னலைத் திறந்தேன்.

யாருமில்லை.

ஜன்னல் கட்டையில் ஈரமான ஐந்து விரல் தடம் மட்டும். சேறு.

ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

மாலை 5:40க்கு அம்மா ஓடி வந்தார். மகள் வீட்டுக்கு வரவில்லை. 6:50க்குக் கண்டுபிடித்தார்கள். எங்கள் பின்சுவரை ஒட்டிய குறுக்கு வழியில், வடிகாலுக்காகத் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தில். மழையில் கரை சரிந்து விழுந்திருக்கிறாள். பை பக்கத்திலேயே கிடந்தது. இறுக மூடியிருந்த அவள் கையைப் பிரித்தார்கள். உள்ளே நான் எழுதிய தாமதச் சீட்டு இருந்தது. அவ்வளவு தண்ணீரிலும் அந்தத் தாள் நனையவில்லை.

நானே எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட்டேன், 9:29 உட்பட. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று அம்மா என்னோடு போனில் பேசவே இல்லையாம். வேலை நேரத்தில் எல்லோருடைய செல்போனையும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்களாம். பத்து மணிக்கு டீ குடிக்கும்போது மட்டும் ஐந்து நிமிடம் கையில் கொடுப்பார்கள்.

"பத்து மணிக்குப் பார்த்தேன் தங்கச்சி. மெசேஜ் வரலை. ஸ்கூல்ல பத்திரமா இருக்கான்னு நிம்மதியா டீ குடிச்சேன். மெசேஜ் வந்திருந்தா அந்தக் குறுக்கு வழியாத்தான் ஓடி வந்திருப்பேன்."

இரண்டு நாள் கழித்து டாக்டரின் அறிக்கை வந்தது. விழுந்தது ஒன்பது மணிக்கு முன்னால். கால் உடைந்து, மேலே ஏற முடியாமல் கிடந்திருக்கிறாள். உயிர் போனது பிற்பகல் ஒரு மணி சுமாருக்கு.

அதாவது 9:33க்குப் புயல் உயிரோடு இருந்தாள். என் ஜன்னலிலிருந்து இருநூறு அடி தூரத்தில், பள்ளத்துக்குள்.

பிரசென்ட் போடச் சொல்லிக் கேட்டு வந்தது அவள் இல்லை.